பச்சுவாராவின் அக்கா: சகோதரி வல்சா ஜான் நினைவாக

(தாம்பரத்தில் நடந்த நினைவுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை நடத்துவதா வேண்டாமா என்று நம் தோழர்கள் மத்தியிலேயே ஒரு விவாதம் நடந்தது. 'கன்னியாஸ்திரிக்கு அஞ்சலி செலுத்தச் சர்ச் இருக்கிறது, மடம் இருக்கிறது. தலித் விடுதலை பேசுகிற நாம் எதற்கு?' என்று கேட்டார்கள். கேட்டவர்களில் கிறித்தவத் தோழர்களும் உண்டு. அந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு நான் பேச முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் சேரிகளுக்குக் கன்னியர்கள் வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் திறந்தார்கள், மருந்து கொடுத்தார்கள், தொழுநோயாளிகளைத் தொட்டுத் துடைத்தார்கள். இதை மறுப்பது நன்றி கெட்ட வேலை. ஆனால் அதே திருச்சபைக்குள்தான் செத்தவனைப் புதைக்கிற இடத்திலும் சாதிக்கு ஒரு பக்கம் ஒதுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையின் சுவரைப் பற்றித் தெரியாதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். தமிழகக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள். ஆயர் பதவியிலும் நிறுவனங்களின் பொறுப்பிலும் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல்களே மிச்சம். சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற ஆசையோடு மடத்துக்குள் போன பாமா, ஏழு ஆண்டுகள் கழித்து வெளியே வந்து 1992-இல் 'கருக்கு' எழுதினார். மடத்துச் சுவருக்குள் சாதியும் பணக்காரத்தனமும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று நமக்குச் சொன்னது அந்தப் புத்தகம்தான்.

ஆகவே கன்னியர் என்றதும் கைகூப்பி நிற்கிற கூட்டம் இதுவல்ல. நாம் கேட்பது ஒரே கேள்வி: ஒடுக்கப்பட்டவர் பக்கம் வந்த ஒருவர், நமக்குக் கொடுக்க வந்தாரா, நம்மோடு நிற்க வந்தாரா? இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தால் பலருடைய தங்கம் பித்தளையாகிவிடும். சகோதரி வல்சா ஜானை இதில் உரசிப் பார்க்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

வல்சா 1958 மார்ச் 19 அன்று கேரளத்தில் எர்ணாகுளத்தை ஒட்டிய வாழக்காலாவில் பிறந்தவர். முதலில் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு 'இயேசு மரி கருணைச் சகோதரிகள்' சபையில் சேர்ந்தார். 1803-இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட சபை அது. பள்ளியும் மருத்துவமனையும்தான் அப்படிப்பட்ட சபைகளின் வழக்கமான வேலை. வல்சாவும் அப்படி ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை ஆகி, நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் போனது இன்றைய ஜார்கண்டின் பாகூர் மாவட்டத்துக்கு. அங்கே ஆம்ராபாரா பக்கம் பச்சுவாரா என்ற சந்தால் ஊர். மடத்தின் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, ஊருக்குள் ஒரு சந்தால் குடும்பத்தின் வீட்டில் தங்கினார். சந்தாலி மொழியைக் கற்றுக்கொண்டார். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேதான் வாழ்ந்தார். ஊர் அவரை 'வல்சா தீதி' என்று கூப்பிட்டது. தீதி என்றால் அக்கா. 'மதர்' என்று கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் சிஸ்டரைப் பார்த்தால் எழுந்து நின்று, 'தோத்திரம் சிஸ்டர்' என்று கையைக் கட்டிக்கொள்கிறோம். பிஸ்கட் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். அக்காவிடம் அப்படி நிற்க மாட்டோம். அக்காவோடு சண்டை போடலாம், கேள்வி கேட்கலாம். கூப்பிடுகிற சொல்லிலேயே உறவு தெரிந்துவிடுகிறது.

அந்த மண்ணின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1855 ஜூன் 30 அன்று போக்னாடி என்ற ஊரில் சித்து, கானு என்ற இரண்டு சகோதரர்கள் தலைமையில் ஆயிரக்கணக்கான சந்தால் மக்கள் கூடினார்கள். வட்டிக்காரன், ஜமீன்தார், கம்பெனி ஆட்சி மூன்றையும் எதிர்த்துக் கிளம்பினார்கள். 'ஹூல்' என்று அதற்குப் பெயர். 1857-க்கு இரண்டு வருஷம் முந்தியது. வெள்ளைக்காரன் அதை ரத்தத்தில் நனைத்துத்தான் அடக்கினான். ஆனால் அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் சந்தால் பர்கானா தனி மாவட்டமானது. பிறகு 1949-இல் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம் வந்தது. ஆதிவாசியின் நிலத்தை ஆதிவாசி அல்லாதவர் வாங்க முடியாது என்பது அதன் சாரம்.

நிலம் பறிபோகக் கூடாது என்று எழுதி வைத்த சட்டம். இதைக் கேட்கும்போது செங்கல்பட்டு மாவட்டத்துக்காரனுக்கு ஒரு ஞாபகம் வரத்தானே வேண்டும்? அதற்குப் பிறகு வருகிறேன்.

பச்சுவாரா மண்ணுக்கு அடியில் நிலக்கரி இருக்கிறது. 2001-இல் அந்த நிலக்கரி வயல் பஞ்சாப் மாநில மின்வாரியத்துக்கு ஒதுக்கப்பட்டது. மின்வாரியமும் 'எம்டா' என்ற தனியார் நிறுவனமும் சேர்ந்து 'பேனம்' என்ற சுரங்கக் கம்பெனியை நடத்தின. ஆதிவாசி நிலத்தைக் கம்பெனி நேரடியாக வாங்க முடியாது. அதனால் அரசே 1894-ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, 'பொதுநோக்கம்' என்று சொல்லி நிலத்தை எடுத்தது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், சுதந்திர நாட்டில், சந்தால் நிலத்தை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கப் பயன்பட்டது. பஞ்சாபில் எரிகிற விளக்குக்குப் பாகூரில் ஒருவன் தன் வீட்டைக் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கு நமக்கும் புதிதில்லை.

மக்கள் ராஜ்மகால் பகாட் பச்சாவோ ஆந்தோலன் என்ற பெயரில் திரண்டார்கள். ராஜ்மகால் மலைப் பாதுகாப்பு இயக்கம் என்று தமிழில் சொல்லலாம். கம்பெனி ஆட்களும் அதிகாரிகளும் ஊருக்குள் வராமல் வழிமறித்து நின்றார்கள். வல்சா அதில் ஒருவராக நின்றார். சட்டத்தைப் படித்து ஊருக்கு விளக்கினார், மனு எழுதினார், கூட்டங்களுக்கு நடந்தார். உயர்நீதிமன்றத்துக்கு இயக்கம் போனது. அங்கே தோற்றது. உச்சநீதிமன்றம் வரை போனார்கள். வழி குறுகிக்கொண்டே வந்தது. 2006 இறுதியில் இயக்கமும் கம்பெனியும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வேலை, மாற்று வீடு, பள்ளி, மருத்துவமனை, ஆண்டுதோறும் இழப்பீடு, கரி எடுத்து முடித்த நிலத்தை மறுபடி பயிர் செய்யத் தக்கதாக்கித் திருப்பித் தருவது என்று அதில் இருந்தது.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு சென்ட் நிலம்கூடத் தர மாட்டோம் என்று தொடங்கிய போராட்டம் ஒப்பந்தத்தில் முடிந்தது. இதைச் சரணாகதி என்று சொல்லலாம். என்னோடு படித்த தோழர் ஒருவர் அப்படித்தான் சொல்கிறார். நான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. ஆயிரம் பேர் வயிற்றை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நிற்கிற இயக்கத்துக்கு, கையில் வரக்கூடியதை எழுத்தில் வாங்கிவிட வேண்டிய நெருக்கடி ஒரு நாள் வரும். ஆனால் அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று ஊரை விட்டுப் போகவில்லை. எழுதிக் கொடுத்ததைச் செய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கே மருத்துவமனை, எங்கே வேலை, எங்கே நிலம் என்று கேட்டார். நிலம் பறிப்பதை எதிர்த்ததற்காக 2007-இல் கைது செய்யப்பட்டார். ஜாமீனில்தான் வெளியே இருந்தார். கொலைமிரட்டல்கள் வந்தன.

சுரங்கம் வந்ததும் ஊர் பழைய ஊராக இல்லை. லாரி வந்தது. லாரியோடு ஒப்பந்தக்காரன் வந்தான், சாராயம் வந்தது, தரகு வந்தது. ஊருக்குள்ளேயே கம்பெனியால் சம்பாதிக்கிறவன், சம்பாதிக்காதவன் என்று இரண்டு கட்சி உண்டானது.

இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் வங்கியில் எழுத்தர். சாலைக்கும் பாலத்துக்கும் நிலம் கொடுத்தவர்கள் இழப்பீட்டுக் காசோலையோடு கவுன்ட்டருக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன். காசோலை ஒருபோதும் தனியாக வராது. நிலத்துக்காரர் பின்னால் மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் கார் விற்கிறவர், ஒருவர் கடன் கொடுத்தவர், ஒருவர் திடீரென்று முளைத்த சொந்தக்காரர். ஆறு மாதம் கழித்து அதே பாஸ்புக்கைப் பதிவு போட்டுக் கொடுக்கும்போது இருப்பு நாலு இலக்கத்துக்கு வந்திருக்கும். அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட நம் சேரிப் பெண்கள் கவுன்ட்டருக்கு வருவதே இல்லை. அவர்கள் பெயரில் பட்டா இல்லை. பட்டா இல்லாதவளுக்குக் காசோலை இல்லை. 2013-ஆம் ஆண்டின் புதிய சட்டம், அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த கூலிக்காரரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணச் சொல்கிறது. தாளில் சொல்கிறது.

2011-இல் பச்சுவாராவில் ஓர் ஆதிவாசிப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாள். போலீசில் புகார் கொடுக்க அந்தப் பெண்ணுக்குத் துணை நின்றார் வல்சா. நவம்பர் 15 இரவு, நாற்பது ஐம்பது பேர் கொண்ட கும்பல் அவர் தங்கியிருந்த வீட்டைச் சூழ்ந்தது. ஆயுதங்களால் தாக்கிக் கொன்றார்கள். அவருக்கு 53 வயது. நவம்பர் 15 பிர்சா முண்டா பிறந்த நாள். ஜார்கண்ட் மாநிலம் உருவான நாளும் அதுதான். ஆதிவாசிகளுக்கான மாநிலம் என்று சொல்லிப் பிறந்த மாநிலத்தின் பிறந்தநாள் இரவில் அது நடந்தது.

முதலில் மாவோயிஸ்டுகள் மேல் பழி போனது. அப்புறம் கைதானவர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். எந்த மக்களுக்காக நின்றாரோ அந்த மக்களில் சிலர். 2015-இல் பாகூர் நீதிமன்றம் 16 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

இந்த இடத்தில்தான் செய்தித்தாளுக்கு ஒரு சந்தோஷம். 'பாத்தீங்களா, அவங்க ஜனங்களே கொன்னுட்டாங்க' என்று கதையை முடித்துவிடலாம். நம்மைப் பற்றியும் இப்படித்தான் முடிக்கிறார்கள். சேரிக்குள் குத்து நடந்தால் 'குடிபோதைத் தகராறு' என்று ஒரு வரி. அந்தச் சாராயக்கடையைச் சேரிக்கு எதிரே கொண்டுவந்து வைத்தது யார் என்று இரண்டாவது வரி எழுத மாட்டார்கள். பச்சுவாராவில் அரிவாள் பிடித்த கைக்குத் தண்டனை கிடைத்தது. கிடைக்கத்தான் வேண்டும். அந்த ஊரைக் காசு கொடுத்து இரண்டாகப் பிளந்த ஏற்பாட்டுக்கு எந்தச் சட்டப்பிரிவும் இல்லை.

கதை அதோடு நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் 204 நிலக்கரி ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. அதில் பச்சுவாராவும் போனது. முறைகேடான ஒதுக்கீடு என்றது நீதிமன்றம். அப்படியென்றால் வல்சாவும் அந்த ஊர் மக்களும் இத்தனை வருஷம் எதிர்த்தது முறைகேட்டைத்தான் என்று ஆகிறது. ஆனால் போன உயிர், போன நிலம்? 2015-இல் அதே வயல் பஞ்சாப் மின்கழகத்துக்கு மறுபடி ஒதுக்கப்பட்டது. 2022 இறுதியில் பஞ்சாபுக்கு நிலக்கரி ரயில் மறுபடி போய்ச் சேர்ந்தது. பேனம் போனது, பள்ளம் போகவில்லை.

இன்னொரு கன்னியரையும் இங்கே நினைக்க வேண்டும். சகோதரி ராணி மரியா. அவரும் கேரளத்துக்காரர்தான். 1954-இல் புல்லுவழியில் பிறந்தவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1992-லிருந்து மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் பக்கம் உதயநகரில் வேலை பார்த்தார். அவர் செய்த 'குற்றம்' எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அது வங்கி சம்பந்தப்பட்டது. ஏழை விவசாயிகளையும் ஆதிவாசிகளையும் குழுவாகச் சேர்த்து, அரசுத் திட்டங்களிலும் வங்கிகளிலும் அவர்களுக்கு உரிய கடனை வாங்க உதவினார். வட்டிக்காரனிடம் போகாமல் பார்த்துக்கொண்டார்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதன் பிறகு கிராமத்துக்கு வங்கி வந்தது, வங்கிக்கு ஏழை வரவில்லை. நடுவில் படிவம் நின்றது, ஜாமீன் நின்றது, மானியத்தில் பங்கு கேட்கிற தரகர் நின்றார். ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டக் கடன் காலத்தில் இதெல்லாம் நடந்தது என்று எங்கள் மூத்த ஊழியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரு கூலிக்காரன் நேராக வங்கிக்கு வந்து, தன் பெயரில் தானே கடன் வாங்கினால் ஊரில் ஒருவனுக்கு வட்டி நிற்கிறது. வட்டி நின்றால் ஓசி உழைப்பு நிற்கிறது. ஓசி உழைப்பு நின்றால் 'டேய்' என்று கூப்பிடுகிற அதிகாரம் நிற்கிறது. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுப்பதுகூட அரசியல்தான் என்பதை எதிரி நம்மைவிட முன்னாடியே புரிந்துகொள்கிறான்.

1995 பிப்ரவரி 25 அன்று உதயநகரிலிருந்து இந்தூர் போகிற பேருந்தில், பயணிகள் எல்லாரும் பார்த்திருக்க, ராணி மரியா குத்திக் கொல்லப்பட்டார். உடம்பில் 50-க்கும் மேற்பட்ட காயங்கள். வயது 41. குத்தியவர் சமுந்தர் சிங். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் ஒரு கன்னியர். அவர் 2002-இல் சிறைக்குப் போய்ச் சமுந்தர் சிங் கையில் ராக்கி கட்டினார். குடும்பமும் சபையும் மன்னித்துக் கேட்டுக்கொண்டதால் 2006-இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு 'அருளாளர்' பட்டம் கொடுத்தார்கள்.

மன்னிப்பது அந்தக் குடும்பத்தின் உரிமை. அந்தத் தங்கையின் மனசு நமக்கு வராது, அதைக் குறைசொல்ல நான் யார்? என் கேள்வி திருச்சபையைப் பார்த்து. ராணி மரியா பற்றிய பிரசங்கங்களில் ராக்கி வருகிறது, மன்னிப்பு வருகிறது, சமுந்தர் சிங்கின் கண்ணீர் வருகிறது. வட்டிக்காரன் வருகிறானா? தன்னைத் தூண்டிவிட்டவர்கள் இருந்தார்கள் என்று அவரே சொன்னாரே, அது வருகிறதா? ஒரு பெண் எதற்காகக் கொல்லப்பட்டாள் என்பதை விட்டுவிட்டு, எப்படி மன்னிக்கப்பட்டது என்பதை மட்டும் சொன்னால் அவளைப் பீடத்தில் ஏற்றி வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்று அர்த்தம். புனிதராக்குவது ஒருவரை மறப்பதற்கான வழியாகிவிடக் கூடாது. அம்பேத்கரைச் சிலையாக்கிக் கூண்டுக்குள் வைத்திருக்கிற நாட்டில் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். இந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையின் பேரில்தான் 1892-இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க வெள்ளை அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம். தமிழகம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் சொல்லிவருகிறோம். அந்த நிலத்தையும் மற்றவர்கள் வாங்க முடியாது என்றுதான் நிபந்தனை. சந்தாலுக்குக் குத்தகைச் சட்டம், நமக்குப் பஞ்சமி நிபந்தனை. சட்டம் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. நிலம் அங்கேயும் போனது, இங்கேயும் போனது. 1994-இல் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டு மக்கள் கிளம்பினார்கள். அம்பேத்கர் சிலையை அந்த மண்ணில் நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர், ஒருவர் பெயர் இந்துப் பெயர். தோட்டா சர்டிபிகேட் கேட்கவில்லை.

அரசாங்கம்தான் சர்டிபிகேட் கேட்கிறது. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவத் தலித்தும் முஸ்லிம் தலித்தும் இன்னும் வெளியில். ஆனால் சந்தால் ஒருவர் கிறித்தவரானால் பழங்குடிப் பட்டியலில் தொடர்கிறார். அது சரிதான், அப்படித்தான் இருக்க வேண்டும். நம் கேள்வி, மதம் மாறினால் ஆதிவாசியின் ஆதிவாசித்தன்மை போகாது என்று ஒப்புக்கொள்கிற சட்டம், மதம் மாறினால் பறையனின் சேரி மட்டும் மறைந்துவிடும் என்று எப்படிச் சொல்கிறது?

வெளியேற்றத்தைப் பார்க்க நாம் ஜார்கண்ட் வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து மேடவாக்கம் வழியாகப் பேருந்து ஏறினால் பெரும்பாக்கம். அப்புறம் செம்மஞ்சேரி, கண்ணகி நகர். கூவம் கரை, அடையாற்றுக் கரை என்று நகரத்தின் நடுவில் மூன்று தலைமுறையாக இருந்த நம் மக்களை 2000-லிருந்து கொண்டுவந்து இங்கே அடுக்கிவைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி இன்னும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளம் வருகிற இடத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டார்கள். கணக்கு ஆரம்பிக்க வந்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "வூடு குடுத்தாங்க சார். வேலைக்குப் போயி வர்றதுக்குள்ள நாளு முடிஞ்சிடுது." மறுகுடியமர்வு என்கிற அரசாங்கச் சொல்லின் முழு விளக்கமும் அதில் இருக்கிறது.

பாறையும் அப்படித்தான். பல்லாவரம், திரிசூலம் மலைகளை ரயிலிலிருந்து பார்க்கிறீர்கள். பாதி மலை இல்லை. இந்தக் கல்லுக்கு நிலவியலில் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் இருக்கிற ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போனதால் அவன் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள். உலகம் முழுக்கப் புவியியல் மாணவர்கள் அந்தப் பெயரைப் படிக்கிறார்கள். வெடி வைத்து, சம்மட்டி அடித்து, நெஞ்சில் கல்தூசி சேர்ந்து இருமிச் செத்தவர்கள் பெயர் எந்தப் பாடத்திலும் இல்லை. மிச்சம் இருப்பது தண்ணீர் நிறைந்த கல்குட்டை. பச்சுவாராவில் நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுதி வாங்கினார்கள் என்று சொன்னேனே, அதன் அருமை கல்குட்டைக் கரையில் குடியிருப்பவருக்குத் தெரியும்.

அப்போ வல்சா நமக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போனார்? மூன்று விஷயங்களைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, இருப்பிடம். அவர் ஊருக்கு வந்துபோகவில்லை, ஊரில் இருந்தார். நம்மில் படித்து வேலைக்கு வந்தவர்கள், நான் உட்பட, சேரியை விட்டுக் குரோம்பேட்டையிலும் செலையூரிலும் வாடகைக்கு இருக்கிறோம். சாதி கேட்காத வீட்டுக்காரரைத் தேடித் தேடி அலைந்து குடிவருகிறோம். அது நம் உரிமை, அதில் தப்பில்லை. ஆனால் சனி, ஞாயிறு பெரும்பாக்கத்துக்கோ நம் சொந்தச் சேரிக்கோ போவதற்கு யார் தடுத்தார்கள்? அயல்மாநிலத்துப் பெண் ஒருத்தி சந்தாலி கற்றுக்கொண்டாள் என்றால், நமக்குத் தெரிந்த பாஷையில் பேசிக்கொண்டிருக்கிற நம் ஜனங்களிடம் போக நமக்கு என்ன கஷ்டம்?

இரண்டு, காகிதம். நிலக் கையகப்படுத்தல் அறிவிப்பு, பட்டா, வில்லங்கச் சான்று, வங்கிப் படிவம், முதல் தகவல் அறிக்கை. இவற்றைப் படித்து ஊருக்குச் சொல்கிற ஆள் ஊருக்கு ஒருவர் வேண்டும். மாணவத் தோழர்களே, கவிதை எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். கூடவே தாலுகா அலுவலகத்துக்குப் போய் உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் புல எண்ணைக் கேளுங்கள். அ-பதிவேட்டைப் பார்க்க மனு போடுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005-லிருந்து கையில் இருக்கிறது.

மூன்று, ஒப்பந்தத்துக்குப் பிறகான வேலை. போராட்டத்துக்குக் கூட்டம் சேரும். கையெழுத்தான பிறகு, 'சொன்னதைச் செய்' என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு ஆள் இருக்காது. அங்கேதான் ஊர் உடைகிறது, அங்கேதான் தரகன் நுழைகிறான். அந்த வேளையில் ஒற்றை ஆளாக ஒருவரை முன்னே நிற்க விட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போனால் அவரைக் கும்பலிடம் ஒப்படைத்துவிட்டோம் என்று பொருள். வல்சா ஒரு தனிமனுஷியாகத் தெரிந்ததால்தான் அவரை ஒழித்தால் கேள்வி ஒழியும் என்று நினைத்தார்கள். கேள்வி கேட்கிறவர்கள் நூறு பேராக இருந்தால் யார் வீட்டைச் சூழ்வார்கள்?

அதே ஜார்கண்டில் ஆதிவாசிகளோடு நின்ற நம் திருச்சி மாவட்டத்து விரகாலூர்க்காரர் ஸ்டான் சுவாமியை 2020 அக்டோபர் 8 அன்று கைது செய்தார்கள். 83 வயது, நடுங்குகிற கை. 2021 ஜூலை 5 அன்று ஜாமீன் கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தார். ஒருவரைக் கும்பல் கொன்றது, ஒருவர் விசாரணைக் கைதியாகவே செத்தார். இரண்டு பேருடைய வேலையும் ஒன்றுதான்: இந்த நிலம் யாருடையது என்று கேட்டது.

திருச்சபைக்கு ஒரு வார்த்தை. இப்படிப்பட்ட கன்னியர்களுக்கு நீங்கள் பட்டம் கொடுப்பது உங்கள் விருப்பம். உங்கள் மடங்களில் இருக்கிற தலித் சகோதரிகளைக் குசினியிலிருந்தும் கடைசி வரிசையிலிருந்தும் முன்னே வர விடுங்கள். உங்கள் பள்ளிகளில், கல்லூரிகளில் சேரிப் பிள்ளைக்கு இடம் கொடுங்கள். கல்லறைச் சுவர்களை இடியுங்கள். அதற்கு வத்திக்கானிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை, ஒரு கடப்பாரை போதும்.

நமக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டம் கலைவதற்கு முன்னால் வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அஞ்சலி எழுதுவதற்கு இல்லை. உங்கள் ஊர், தாலுகா, உங்களுக்குத் தெரிந்த பஞ்சமி நிலம் எங்கே இருக்கிறது, இப்போது யார் கையில் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போங்கள். பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப்பெயர் போடுங்கள். அடுத்த மாதம் அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நாம் கூட வேண்டும்.

ஜெய்பீம்.